மூன்று தலைமுறைக்கு ஒரு பெட்டி

விடுமுறைக்கு எங்கே போனாலும் நாம் எதையாவது வாங்கி வருகிறோம். லங்காவி கழுகு மேக்னட், பாலியில் வாங்கிய மரப்பொம்மை, பழனி முருகன் சாவிக்கொத்து. பிரிட்ஜ் கதவில் இனி இடமில்லை. "பிள்ளைங்களுக்கு ஞாபகமா இருக்கட்டும்" என்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்கு இது ஞாபகமா, இல்லை தூசி தட்டும் வேலையா?

கெலுகோரில் எங்கள் பிளாட்டில் ஒரு தகர டிரங்குப் பெட்டி இருக்கிறது. அப்பாவின் தாத்தா 'ரஜூலா' கப்பலில் கொண்டு வந்தது. 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவர்களை ஏற்றி வந்தது. அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' 1985இல் தீப்பிடித்தது. கப்பல் பயணக் காலம் அதோடு முடிந்தது. (அதே வருடம்தான் எங்கள் வீட்டுப் பக்கம் பினாங்குப் பாலத்தைத் திறந்தார்கள்.)

வீடு மாறும் பேச்சு வந்ததும் சித்தப்பா சொன்னார்: "லோரோங் கூலிட்ல கொண்டு போய்ப் போட்டா நல்ல விலை வரும். பற்றை விடுன்னுதானே நம்ம சாமியே சொல்லுது?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பற்றை விடுவது வேறு, யார் எவர் என்று தெரியாமலே தூக்கிப் போடுவது வேறு. அளவு குறிக்காத ஒரு ரீடிங்கை லேப்பில் கொடுத்தால் லெக்சரர் திருப்பிக் கொடுத்துவிடுவார். கதை தெரியாத பெட்டியும் அப்படித்தான், வெறும் தகரம்.

அதனால் பாட்டியிடம் கேட்டேன். "ரெண்டு வேட்டி, ஒரு செம்பு, குலசாமி கோயில் மண்ணு ஒரு முடிச்சு. அவ்வளவுதான் இருந்துச்சாம். தோட்டத்துல மாரியம்மனுக்குக் கல்லு நட்டப்ப எங்க மாமனாரு அந்த மண்ணை அடியில போட்டுட்டாரு."

ராமேஸ்வரத்து மணலை எடுத்துப் போய் கங்கையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டு வந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வது நம் பழைய யாத்திரை வழக்கம். அங்கேயும் எடுத்துப் போனது வீட்டு அலமாரியில் உட்காரவில்லை, சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. கொள்ளுத்தாத்தா செய்ததும் அதேதான்.

பாட்டி இன்னொன்றும் சொன்னார். கப்பலில் வந்தவர்களை முதலில் ஜெரெஜாக் தீவில் தடுத்து வைத்து, நோய் இல்லையென்று பார்த்த பிறகே ஊருக்குள் விடுவார்கள். "அந்த நாளைப் பத்தி அவரு பேசவே மாட்டாரு. தீவு கண்ணுல பட்டா முகத்தைத் திருப்பிக்குவாரு." அங்கிருந்து யாரும் நினைவுப் பொருள் கொண்டு வரவில்லை. நமக்கு அழகான பொருள் மட்டும் வந்து சேர்ந்து, அந்த முகத்திருப்பல் வந்து சேராவிட்டால், கைக்கு வந்தது பாதிதான். அதுவும் சுலபமான பாதி.

எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்? ஆடி அமாவாசைத் தர்ப்பணத்தில் குருக்கள் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறைப் பெயரைக் கேட்கிறார். அதற்கு மேல் பெயர் சொல்லச் சொல்வதில்லை. நம் முன்னோர் நினைவுக்கும் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், சுமையாகிவிடக் கூடாதென்று. எனக்குப் பிடித்த கணக்கு இது. அந்தக் கணக்கில் ரஜூலாவில் வந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டிய கடைசி ஆள் நான்.

சித்தப்பா இன்னும் விலை விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார். பாட்டி சொன்னதைப் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிட்டேன், ஜெரெஜாக்கையும் சேர்த்து. என் பிள்ளைகள் படித்துவிட்டு விற்றால் விற்கட்டும்.