சிரித்த முகத்துக்கு யார் பொறுப்பு?

தமிழ்நாட்டின் எந்தப் பெரிய ஜவுளிக்கடைக்குள் நுழைந்தாலும் நம்மை வரவேற்பது பெரும்பாலும் ஒரு பெண்ணின் குரல்தான். "வாங்கக்கா, என்ன பார்க்குறீங்க?" நாற்பது சேலைகளைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் நாம் எழுந்துபோனாலும் அவர் முகம் சுளிக்கக் கூடாது. நாம் உட்கார்ந்திருப்போம், அவர் நின்றிருப்பார். காலையில் கடை திறந்ததிலிருந்து நின்றிருப்பார். கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் இந்தத் தொழிலோடு ஒட்டிப் பிறந்தவை என்றே பலரும் நம்பிவந்தோம்.

2021 செப்டம்பரில்தான் தமிழ்நாடு சட்டமன்றத்தில் இதற்கொரு திருத்த மசோதா வந்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோர், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தரப்பட வேண்டும் என்றது அது. கேரளம் 2018லேயே இதைச் செய்திருந்தது. அங்கே அது தானாக நடந்துவிடவில்லை. கோழிக்கோட்டில் தையல் வேலை செய்துவந்த விஜியும் அவரோடு கடைகளில் வேலை பார்த்த பெண்களும் 'பெண்கூட்டு' என்று ஒன்றுசேர்ந்து போராடிப் பெற்றது. அந்தப் பெண்கள் முதலில் கேட்டது நாற்காலிகூட அல்ல, கழிப்பறை. அது இல்லாததால் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்காமலே இருந்தவர்கள் அவர்கள்.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டுதான் 'மகிழ்ச்சியான பணியிடம்' என்ற சொல்லைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மகிழ்ச்சி யாருக்கு? அதை உண்டாக்குவது யாருடைய வேலை?

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்டு 1983இல் வெளியிட்ட நூலில் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, 'உணர்வு உழைப்பு' என்ற கருத்தை முன்வைத்தார். தட்டை எடுத்துக் கொடுப்பது மட்டுமல்ல, கொடுக்கும்போது இருக்க வேண்டிய முகமும் சம்பளத்துக்குள் அடக்கம் என்றார். உடல் உழைப்பாவது கண்ணுக்குத் தெரியும், கூலி பேசலாம். சிரிப்பைப் பெண்ணின் இயல்பு என்று சொல்லிவிட்டால் அதற்குக் கூலியும் இல்லை, ஓய்வும் இல்லை.

ஜவுளிக்கடையில் கட்டளையாக இருப்பது அலுவலகத்தில் எதிர்பார்ப்பாக இருக்கிறது. பிறந்தநாளுக்கு வசூல் செய்வது, கேக் வாங்குவது, பொங்கலுக்குக் கோலம் போடுவது, புதிதாக வந்தவரைச் சாப்பிட அழைத்துப்போவது, கோபத்திலிருக்கும் மேலாளரைச் சமாதானப்படுத்துவது என எல்லாம் சொல்லாமலே பெண்கள் பக்கம் வந்து விழும். பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் இவற்றுக்கு ஒரு வரிகூட இருக்காது. செய்ய மறுத்தாலோ, 'அவங்க யாரோடயும் ஒட்ட மாட்டாங்க' என்ற பெயர் மட்டும் நிலைத்துவிடும்.

'நாங்க எல்லாரும் ஒரே குடும்பம்' என்பார்கள். குடும்பத்தில் பெண் செய்யும் வேலைக்குக் கணக்கு வைப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் உறுப்பினர்களும் அல்ல. கேக் வெட்டும்போது தூய்மைப் பணியாளர் கதவோரம் நிற்பார். எல்லோரும் கலைந்த பிறகு தட்டுகளை அள்ளுவார். அவருடைய தம்ளர் ஏன் தனியாக ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது என்று கேட்டால், அன்றைய கொண்டாட்டம் கெட்டுவிட்டதாகச் சொல்வார்கள்.

சிரிப்பு மிரட்டலாக மாறுவதும் இங்கேதான். ஒருவர் அருவருப்பான ஒன்றைச் சொல்கிறார், சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்காத பெண்ணிடம், 'ஜாலியா எடுத்துக்கோங்க மேடம்' என்கிறார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான விசாகா தீர்ப்பு 1997இல் வந்தது, சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். ஆனால் புகார் கொடுப்பவரே அலுவலகத்தின் கலகலப்பைக் கெடுத்தவர் என்று பார்க்கப்படும்வரை, அந்தக் குழு சுவரில் ஒட்டிய காகிதமாகவே இருக்கும்.

அப்படியானால் வேலையிடத்தில் மகிழ்ச்சியே வேண்டாமா? வேண்டும். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்து ஒருவர் குழம்பை இன்னொருவர் ருசி பார்க்கும் அந்த அரைமணி நேரம் இல்லாமல் பல பெண்களால் அந்த வேலையில் நீடித்திருக்கவே முடியாது. வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்லி அழுவதும் அங்கேதான். அந்த மகிழ்ச்சியை எந்த நிர்வாகமும் திட்டமிட்டுத் தரவில்லை. நேரம், உட்கார இடம், பக்கத்தில் நம்பக்கூடிய ஒரு ஆள், இவை இருந்ததால் அது தானாக வந்தது.

நிர்வாகத்தின் கடமை அந்த நிலைமைகளை உருவாக்குவது. நாற்காலி, தண்ணீர், கழிப்பறை, நேரத்துக்குச் சம்பளம், பயமில்லாமல் புகார் சொல்ல வழி. அதற்கு மேல் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்க எந்த முதலாளிக்கும் உரிமையில்லை. மாதவிடாய் வலியோடு வந்தவரும், நேற்று அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தவரும், வெறுமனே இன்று சிரிக்கத் தோன்றாதவரும், அதற்காக யாருக்கும் விளக்கம் சொல்லாமல் தன் வேலையைப் பார்த்துவிட்டுப் போக முடிகிற இடமே வரவேற்கும் இடம்.