புனிதர் பட்ட விசாரணையில் ஒரு ஜனாதிபதி

தான்சானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரேவைப் புனிதராக்குவதற்கான விசாரணையை அவருடைய சொந்த மறைமாவட்டமான முசோமா 2005இல் தொடங்கியது. கத்தோலிக்கத் திருச்சபையின் வரிசையில் அவர் இப்போது 'இறை ஊழியர்'. அதற்கு மேலே வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர் என்று மூன்று படிகள் உண்டு. துறவிகளும் மறைசாட்சிகளும் ஏறிய அந்தப் படிகளில், இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாட்டை ஆண்டவரை ஏற்றலாமா என்பது பக்தியோடு முடிந்துவிடும் கேள்வியல்ல. துறவி செய்யும் பிழை பெரும்பாலும் அவரோடு போய்விடும். ஆட்சியாளர் செய்யும் பிழை ஊரார் தலையில் விடியும்.

நைரேரே 1922இல் விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே, புத்தியாமா என்ற ஊரில், ஜனாக்கி இனக்குழுத் தலைவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். மக்கெரேரேயிலும் எடின்பரோவிலும் படித்தார், பள்ளியில் பாடம் நடத்தினார். நாடு கடைசிவரை அவரை 'ம்வாலிமு', அதாவது வாத்தியார், என்றே அழைத்தது. 1954இல் டானு கட்சியைத் தொடங்கினார். ஏழே ஆண்டுகளில், 1961 டிசம்பர் 9 அன்று, போர் இல்லாமலே தாங்கனிக்கா விடுதலை பெற்றது. 1964இல் சான்சிபாரோடு இணைந்து அது தான்சானியா ஆயிற்று. 1985இல் யாரும் தள்ளாமல் தாமாகவே பதவியிலிருந்து இறங்கி, புத்தியாமாவில் விவசாயம் பார்க்கப் போனார். நாள்தோறும் திருப்பலிக்குப் போகிற வழக்கம் உள்ளவர். ஜனாதிபதியாக இருந்த காலத்திலேயே ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை சுவாஹிலியில் கொண்டுவந்தார். நல்லெண்ணம் நிறைந்த புரூட்டஸ் நாட்டை உள்நாட்டுப் போரில் கொண்டுபோய்த் தள்ளுகிற கதை அது. அதன் பொருளை வேறு யாரும் அவருக்கு விளக்கியிருக்கத் தேவையில்லை.

அவருடைய ஆட்சியின் சாதனைகளில் முதலாவதைக் கண்ணால் காண முடியாது, ஏனென்றால் அது நடக்காமல் போன ஒன்று. ருவாண்டா, புருண்டி, உகாண்டா, காங்கோ என்று சுற்றிலும் இனத்தின் பெயரால் ரத்தம் ஓடியபோது, 120க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழும் தான்சானியாவில் அது நடக்கவில்லை. சுவாஹிலி எல்லோருக்கும் பொதுவான மொழியானது. விடுதலைக்குச் சற்று முன்பு, ஆப்பிரிக்கருக்கு மட்டுமே குடியுரிமை என்ற குரல் சட்டமன்றத்தில் எழுந்தபோது, நிறத்தை வைத்துக் குடிமகனைத் தீர்மானித்தால் பதவி விலகுவேன் என்று நைரேரே நின்றார். 1967இன் அருஷா பிரகடனம் கட்சித் தலைவர்களுக்கும் அரசு உயர் அதிகாரிகளுக்கும் இரண்டாவது சம்பளம், கம்பெனிப் பங்கு, வாடகைக்கு விடும் வீடு ஆகியவற்றைத் தடை செய்தது. அவர் தமக்கென்று சொத்துச் சேர்த்ததாக எதிரிகள்கூடச் சொன்னதில்லை. தெற்கு ஆப்பிரிக்காவின் விடுதலை இயக்கங்களுக்கு தார் எஸ் சலாம் தாய்வீடாக இருந்தது. எழுத்தறிவு இயக்கம் கிராமம் கிராமமாகப் போனது. ஓய்வுக்குப் பின் வாஷிங்டனில் உலக வங்கிக்காரர்கள் அவரைப் பார்த்ததும், எப்படித் தோற்றீர்கள் என்றுதான் முதலில் கேட்டார்களாம். விடுதலையின்போது பெரியவர்களில் 85 சதவீதத்தினர் எழுத்தறியாதவர்கள், தாம் இறங்கியபோது 91 சதவீதத்தினர் எழுத்தறிந்தவர்கள் என்று அவர் பதில் சொன்னார். அந்த எண்ணைச் சற்றுக் குறைத்து எடுத்துக்கொண்டாலும் அது சாதாரணச் செயல் அல்ல.

மறுபக்கத்தில் இருப்பது 'உஜமா' கிராமங்கள். சிதறிக் கிடக்கும் குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து உழைத்து, பங்கிட்டுக்கொள்ளும் சோசலிசம் அது. தொடக்கத்தில் எல்லாமே விருப்பத்தின் பேரில் என்றுதான் சொல்லப்பட்டது. வந்து சேர்ந்தவர்கள் குறைவு. 1973இல், 1976க்குள் கிராமப்புற மக்கள் அனைவரும் கிராமங்களுக்குக் குடிபெயர்ந்தாக வேண்டும் என்று உத்தரவாயிற்று. குறைந்தது 50 லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். லாரிகள் வந்தன, சாமான்களை ஏற்றின, திரும்பி வராமலிருக்கச் சில இடங்களில் பழைய வீடுகளைக் கொளுத்தினார்கள், கூரையைப் பிரித்தார்கள். அதிகாரிகளுக்குப் போய்ப் பார்க்க வசதியாக இருந்த சாலையோரங்களில் புதுக் கிராமங்கள் அமைந்தன. மண் எப்படி, தண்ணீர் எங்கே, நிலம் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது.

தென்கோடியில் ம்ட்வாரா, லிண்டி பகுதிகளில் முந்திரி விவசாயிக்கு நேர்ந்ததைப் பார்த்தால் விஷயம் விளங்கும். முந்திரி மரத்தை ஊருக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. மரம் பழைய இடத்தில், குடும்பம் புது இடத்தில். களையெடுக்க ஆளில்லை, கீழே விழுந்த கொட்டையைப் பொறுக்க ஆளில்லை. கொள்முதல் விலை குறைவு, மரங்களில் சாம்பல் நோய் என்று வேறு காரணங்களும் சேர்ந்தன. 1973–74இல் சுமார் 1,45,000 டன்னாக இருந்த முந்திரிக் கொட்டை விளைச்சல், 1980களில் 20,000 டன்னுக்கும் கீழே இறங்கியது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பற்றிப் பக்தர்கள் குறைவாகவே பேசுகிறார்கள். 1962இல் வந்த தடுப்புக்காவல் சட்டம் அவருடைய ஆட்சி முழுவதும் புழக்கத்தில் இருந்தது. 1965இல் நாடு ஒரே கட்சி நாடானது. அமைச்சராக இருந்த அப்துர்ரஹ்மான் பாபு 1972 முதல் ஆறு ஆண்டுகள் சிறையில் கிடந்தார். 1969இல் காசிம் ஹங்கா, ஒத்மான் ஷரீஃப் என்ற இரு சான்சிபார் தலைவர்கள் தீவின் ஆட்சியாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள், அங்கே கொல்லப்பட்டார்கள். முந்திரிக்கு நோயையோ விலையையோ காரணம் சொல்லலாம். இந்த இருவர் விஷயத்தில் அப்படிச் சொல்ல எதுவும் இல்லை.

ஆட்சியாளரை எடைபோடுவது என்றவுடன் நினைவுக்கு வருவது வரவு செலவு. நல்லதை ஒரு பக்கம் கூட்டி, கெட்டதை மறுபக்கம் கூட்டி, மிச்சத்தைப் பார்ப்பது. குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து மிகுதியானதைக் கொள்ளும்படி வள்ளுவரும் சொல்கிறார். ஆனால் அந்த அறிவுரை 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் இருக்கிறது. அரசன் ஒருவனைப் பணிக்கு எடுக்குமுன் செய்யும் சோதனை அது. இனி இவனை நம்பலாமா என்று முடிவெடுக்க மிகுதியைப் பார்த்தால் போதும். நடந்து முடிந்த ஆட்சிக்கு அந்தக் கணக்கு சரிப்படாது.

முதல் தடை, வரவும் செலவும் ஒரே ஆளுக்குச் சேரவில்லை. கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் படிக்கக் கற்றுக்கொண்ட சிறுமி வேறு. லிண்டியில் மரங்களை விட்டுவிட்டுப் போன கிழவர் வேறு. அவளுடைய லாபத்தை அவருடைய நஷ்டத்தில் கழிப்பதற்கு இருவருக்கும் பொதுவான பை எதுவும் இல்லை. அடுத்த தடை இதைவிடச் சிக்கலானது. சாதனையும் தோல்வியும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. பள்ளி, மருந்தகம், குடிநீர் ஆகியவற்றைச் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குக் கொண்டுபோக முடியாது என்பதுதான் மக்களை ஒன்றுசேர்த்ததற்குச் சொன்ன நியாயம். மாணவனுக்கு எது நல்லது என்று வாத்தியாருக்குத் தெரியும் என்ற அதே நம்பிக்கை ஓரிடத்தில் எழுத்தறிவானது, வேறிடத்தில் லாரியானது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தனியே கழற்ற முடியாது.

விளைவை மட்டும் அளவுகோலாக வைத்தாலும் சிக்கல் தீராது. 1978இல் உகாண்டாவை ஆண்ட இடி அமீனின் படை தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் புகுந்தது. தான்சானியப் படை அதை விரட்டியதோடு நிற்காமல் 1979 ஏப்ரலில் கம்பாலாவையே பிடித்து அமீனை ஓடவைத்தது. அந்தச் செலவிலிருந்து நாட்டின் கஜானா மீளவில்லை என்றாலும், கொடுங்கோலன் ஒழிந்தான் என்று உலகம் மூச்சுவிட்டது. பிறகு, அமீனுக்கு முன் உகாண்டாவை ஆண்ட ஒபோட்டே பதவிக்குத் திரும்ப வந்தார். அந்நாட்டின் லுவேரோவில் மறுபடியும் கொலைகள் நடந்தன. பின்னால் வந்தவன் செய்ததை முன்னால் செய்தவர் கணக்கில் எழுதுவதா? எழுதக் கூடாது என்றால், வறட்சி, 1973இன் எண்ணெய் விலை ஏற்றம் போன்றவை கெடுத்ததையும் அவர் கணக்கில் எழுதக் கூடாது. அப்படியே ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால், எடைபோட எதுவும் மிஞ்சாத நிலை வந்துவிடும்.

திருச்சபையின் விசாரணை இந்தக் கணக்கில் இறங்குவதில்லை. அது தேடுவது வீரத்துவமான நற்பண்புகளை. நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்ற மூன்றும், முன்மதி, நீதி, துணிவு, அளவுடைமை என்ற நான்கும் அந்த வாழ்க்கையில் சாதாரண அளவுக்கு மேல் இருந்தனவா என்று பார்க்கிறது. நைரேரேவின் ஆதரவாளர்களுக்கு இது ஆறுதலாகத் தெரிகிறது. நோக்கம் தூய்மையானது, முந்திரி விளைச்சல் புனிதத்தில் சேராது என்கிறார்கள். வாதம் வசதியானதுதான். ஆனால் பட்டியலில் முன்மதியும் இருப்பதை அவர்கள் அவசரத்தில் தாண்டிப்போகிறார்கள்.

தோமா அக்குவினாஸின் போதனையில் முன்மதி என்பது ஜாக்கிரதையான ஆளின் சாமர்த்தியம் அல்ல. நல்ல நோக்கத்துக்குப் பொருந்திய வழியைக் கண்டெடுக்கும் அறம் அது. அது இல்லாமல் மற்ற அறங்கள் தடுமாறும். ஆள்பவருக்கு உரிய முன்மதியை அவர் தனி வகையாகவே எடுத்துப் பேசுகிறார். கடந்ததை நினைவில் வைப்பது, பிறரிடம் கற்றுக்கொள்ள இசைவது, வருவதை முன்னுணர்வது ஆகியவை முன்மதியின் உறுப்புகள். ஆக, நல்ல நோக்கம் என்று சொல்லி வெளியே அனுப்பிய கட்டாயக் குடியேற்றம் இந்த வாசல் வழியாக விசாரணை அறைக்குள் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அங்கே அதற்குச் சாட்சியாக நிற்பது ருவுமா வளர்ச்சிச் சங்கம். தென்மேற்கே ருவுமா பகுதியில், லிட்டோவா முதலிய ஊர்களில், விவசாயிகள் தாங்களே கூடி, தாங்களே முடிவெடுத்து, சொந்தமாகப் பள்ளியும் நடத்தினார்கள். நைரேரே மனதில் வைத்திருந்த உஜமா எங்காவது உயிரோடு இருந்தது என்றால் அது இங்கேதான். அவரும் அதைப் போற்றி ஆதரித்தவர். கட்சிக்காரர்களுக்கு அது கண்ணில் விழுந்த தூசி. தங்கள் சொல்லைக் கேட்காத கூட்டம் வளர்வதை அவர்கள் விரும்பவில்லை. 1969 செப்டம்பரில் டானு மத்தியக் குழு சங்கத்தைக் கலைத்தது. நைரேரே தலைவராக இருந்த கட்சி அது. கற்றுக்கொள்ள வேண்டிய பள்ளியை மூடிவிட்டு, நான்கு ஆண்டு கழித்து அதே பாடத்தை நாடு முழுவதும் கட்டாயமாக்கினார்கள். வறட்சி, எண்ணெய் விலை, போர் எதுவும் 1969இல் வரவில்லை. அவருடைய தோல்விகளில் இதுதான் மிகக் கனமானது. இது அறியாமையால் வந்ததல்ல, அறிந்ததைக் கைவிட்டதால் வந்தது.

ஆட்சியாளர்களைத் திருச்சபை முன்பும் உயர்த்தியிருக்கிறது. பிரான்சின் ஒன்பதாம் லூயி 1297இல் புனிதரானார். அவருடைய இரண்டு சிலுவைப் போர்களும் தோல்வி. ஒன்றில் சிறைப்பட்டார், மற்றதில் துனிசுக்கு அருகே இறந்தார். பாரிசில் யூதர்களின் தால்முத் நூல்கள் வண்டி வண்டியாக எரிக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். ஆனால் போருக்குப் புறப்படுமுன், தம் அதிகாரிகளால் வஞ்சிக்கப்பட்டவர்களின் குறைகளைக் கேட்டு ஈடு கொடுக்க நாடெங்கும் விசாரணையாளர்களை அனுப்பியவரும் அவரே. ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசர் கார்ல் 2004இல் அருளாளரானபோது, அவர் படை முதல் உலகப் போரில் நச்சுவாயு பயன்படுத்தியதை எடுத்துக்காட்டி எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் பட்டம் தடைபடவில்லை. இந்த முன்னுதாரணங்கள் நைரேரேவுக்கு வழிவிடுகின்றன, ஆனால் அவர் வழக்கைத் தீர்த்துவைக்கவில்லை. லூயியின் காலத்தில் மக்கள் அரசனைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை, அவன் சொன்னபடி ஊரையே மாற்றிக்கொள்ளவும் இல்லை.

நைரேரே பக்கத்தில் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. பதவியில் இருந்தபோதே, 1980களின் நடுவில், உள்ளாட்சி மன்றங்களைக் கலைத்ததும் கூட்டுறவுச் சங்கங்களைக் கலைத்ததும் தவறு என்றும், மறுபடி தொடங்கினால் அவற்றைச் செய்யமாட்டேன் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். தம் கொள்கை இனி நாட்டை நடத்தாது என்று தெரிந்த நிலையில் நாற்காலியை விட்டார். ஆப்பிரிக்காவின் முதல் தலைமுறைத் தலைவர்களில் அப்படி இறங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முன்மதி அங்கே தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. கட்டாயக் குடியேற்றத்தையோ தடுப்புக்காவலையோ அவர் இதே தெளிவோடு தவறு என்று சொன்னதில்லை. கூட்டுறவுச் சங்கத்தைத் திரும்பத் தொடங்கலாம்; ஹங்காவையும் ஷரீஃபையும் திரும்பக் கொண்டுவர முடியாது என்பது அந்த மௌனத்தை இன்னும் கனமாக்குகிறது.

மறைமாவட்ட விசாரணையில் ஆதரவாகப் பேசுபவர்களை மட்டுமல்ல, எதிராகப் பேசுபவர்களையும் கேட்க வேண்டும் என்பது விதி. இறந்தவரின் எழுத்துகள் முழுவதையும் திரட்டி ஆராய வேண்டும். பிறகே ஆவணங்கள் ரோமில் உள்ள திருப்பீடத் துறைக்குப் போகும். நைரேரே விஷயத்தில் எழுத்துக்குப் பஞ்சமில்லை; உரைகளும் கட்டுரைகளும் தொகுதி தொகுதியாக இருக்கின்றன. 1974இல் லாரியில் ஏற்றப்பட்டவர்கள் எழுதிவைத்தவர்கள் அல்ல. அன்று இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. அவர்களில் பலர் கத்தோலிக்கரும் அல்லர். ம்ட்வாரா, லிண்டி மக்களில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். முசோமாவிலிருந்து அந்தக் கடற்கரை நாட்டின் மறுகோடியில் இருக்கிறது. முன்மதியைப் பற்றிய கேள்விக்கு அங்கே உள்ளவர்களின் சாட்சியம் வேண்டும்.