காவக்காரனுக்கு வாய் எதற்கு?

ஒரு தொழிற்சாலையில் தீப்பிடித்து அணைந்ததும் எழும் முதல் கேள்வி: "வாட்ச்மேன் எங்கய்யா போனான்?" வெல்டிங் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் தின்னர் டின்னை யார் வைத்தது, வெளியேறும் கதவுக்கு யார் பூட்டுப் போட்டது என்பதெல்லாம் பிறகுதான் வரும். வராமலும் போகும். முதலில் காவக்காரன். அவன் தூங்கினானா, குடித்திருந்தானா, டீக்கடைக்குப் போனானா? இந்தக் கேள்வி நியாயமானது போலத் தெரிகிறது. காவலுக்குத்தானே சம்பளம்? ஆனால் எது காவல் என்று நாம் கேட்பதேயில்லை. அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கப்பட்டது. லேத் பட்டறையும் பெயின்ட் கூடமும் ஏற்றுமதித் துணிக் கம்பெனியும் அடுத்தடுத்து நிற்கிற பேட்டை. அங்கிருந்து ஆவடி, பட்டாபிராம், திருமழிசை, பூந்தமல்லி வரைக்கும் ஷெட்டும் குடோனும்தான். மாசி, பங்குனி ஆனதும் காலி மனையிலும் ஏரிக்கரையிலும் புல் காய்ந்துவிடும். யாரோ குப்பைக்குத் தீ வைப்பார்கள். காத்து திரும்பினால் அது பழைய அட்டை, பிளாஸ்டிக் அடுக்கிய குடோன் சுவருக்கு வந்துவிடும். அந்தச் சுவருக்கு உள்ளே பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவன் கான்ட்ராக்ட் செக்யூரிட்டி. சேரியிலிருந்து வந்த, வேறு வேலைக்கு உடம்பு ஒத்துழைக்காத கிழவன். அல்லது ஒரிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த இளைஞன். கம்பெனியின் சம்பளப் பட்டியலில் அவன் பெயர் இருக்காது. அது ஏஜென்சிக்காரன் நோட்டில் இருக்கும்.

தீக்காவல் என்றொரு வேலை உண்டு. 'ஃபயர் வாட்ச்' என்பார்கள். வெல்டிங், கட்டிங் நடக்கும்போது பக்கத்தில் நின்று பொறி எங்கே விழுகிறது என்று பார்ப்பது. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் 51பி விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி 35 அடிக்குள் எரியும் பொருள் இருக்கக் கூடாது. இருந்தால் மூடி மறைக்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் காவல் நிற்க வேண்டும். முன்பு அரை மணி நேரம் என்றிருந்தது 2019இல் ஒரு மணி நேரம் ஆனது. பொறி உடனே தீயாகாது. பஞ்சுக்குள்ளேயோ மரத்தூளுக்குள்ளேயோ விழுந்து கனன்றுகொண்டே கிடக்கும். எல்லோரும் போன பிறகுதான் எழுந்திருக்கும்.

அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. ஆபத்து என்று பட்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் காவல் நிற்பவனுக்கு உண்டு. அதாவது காவல் என்பது இரண்டு சேர்ந்தது. ஒன்று கண். இன்னொன்று 'நிறுத்து' என்கிற சொல்.

நம் ஊரில் கண்ணை மட்டும் விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். "சூப்பர்வைசர் சார் சொல்லாம நான் எப்படி சார் நிறுத்துறது? நிறுத்துனா நாளைக்கு வேற ஆளு வந்து நிப்பான்." எந்த கேட்டில் போய்க் கேட்டாலும் இதே பதில்தான். இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள் அந்தச் சட்டையை ஒரு நாள் போட்டுப் பார்க்கட்டும்.

இது அம்பத்தூரில் பிறந்த ஏற்பாடு அல்ல. கிராமத்திலிருந்து வந்தது. வெட்டியான் என்று பேர் வைத்து, களத்துமேட்டில் குறி போட்ட நெல்லுக்குக் காவல் இருக்கச் சொன்னது யார்? நெல் அவனுடையதில்லை. ஏரி மதகைத் திறக்கவும் மூடவும் அவன் வேண்டும்; தண்ணி யார் வயலுக்கு என்று முடிவு செய்ய அவன் கூடாது. தமுக்கடித்துச் சேதி சொல்ல அவன் வேண்டும், சேதி அவனுடையதில்லை. ராத்திரி முழுக்கப் பிணம் எரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவன் வேண்டும்; அந்தப் பிணத்தின் வீட்டுத் திண்ணையில் அவன் உட்காரக் கூடாது. கண் வேண்டும், கால் வேண்டும், குரல்கூட வேண்டும். சொல் மட்டும் கூடாது. சாதி என்பது வேலையைப் பிரித்தது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்தது என்று அம்பேத்கர் 1936இல் விளக்கினார். அதில் ஆணையிடும் வாயும் அடிபணியும் உடம்பும் தனித்தனி ஆட்களுக்கு ஒதுக்கப்பட்டதும் அடங்கும்.

அந்தச் சொல்லைச் சேரி எடுத்துக்கொண்டபோது என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்கள் 'முடியாது' என்று சொல்லக் கற்றுக்கொண்டவர்கள். 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது. சொல்லுக்கு என்ன விலை என்று அறிந்தவன் பேரன்தான் இன்று கேட்டில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான்.

காட்டிலும் இதே கணக்குதான். பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் கோடைத் தொடக்கத்தில் சருகுக்குச் சிறு தீ இட்டுப் பெருந்தீயைத் தடுத்துவந்தார்கள். 'தரகு பெங்கி' என்று அதற்குப் பெயர். 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றமானது. இன்று தீக்காலம் வந்தால் மலைகளில் பழங்குடி மக்களையே தற்காலிகக் கூலிக்குத் தீக்காவலராக வைக்கிறார்கள். எப்போது, எங்கே தீ இடலாம் என்ற அறிவை அவர்கள் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, கண்ணை மட்டும் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41எச் என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அபாயகரமான தொழிலில் இருப்பவர் உடனடி ஆபத்து என்று கருதினால் நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் புதிய தொகுப்பு வந்தது. அதில் இந்த உரிமை எல்லா ஊழியருக்கும் விரிந்தது, நல்லது. ஆனால் அங்கேயும் சொல் 'தெரிவிக்கலாம்' என்பதுதான். நிறுத்தலாம் என்பதில்லை. மறுபடியும் தமுக்குதான் நம் கையில்.

இங்கே ஒரு கடினமான கேள்வி இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் நாம் நேர்மையாகப் பேசவில்லை என்றாகும். 1911 மார்ச் 25, நியூயார்க் டிரையாங்கிள் ஆயத்த ஆடைக் கம்பெனி. பெண்கள் துணி திருடிவிடுவார்கள் என்று ஒரு பக்கக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். தீப்பிடித்ததும் சாவி வைத்திருந்த மேஸ்திரி வேறு வழியாகத் தப்பிவிட்டார். 146 பேர் செத்தார்கள். முதலாளிகள் விடுதலையானார்கள். நம் பக்கத்து ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து போகும் பெண்களின் பையைச் சோதிப்பவனும் காவக்காரன்தான். பூட்டுப் போட்டால் சாவி அவன் இடுப்பில்தான் தொங்கும். அந்தப் பெண்களில் பாதிப்பேர் அவன் தெருக்காரிகளாக இருக்கலாம். தீ வந்தால் 'சார் சொல்லல' என்று அவன் நிற்க முடியுமா?

முடியாது. அவன் கதவைத் திறந்தே ஆக வேண்டும். உத்தரவுக்குக் கீழ்ப்படிவதைவிடப் பெரிய கடமை அது. ஒடுக்கப்பட்டவன் என்பதால் எவனுக்கும் அதிலிருந்து விலக்கு இல்லை. விலக்குக் கொடுத்தால் அவனை மனுசன் இல்லை என்று நாமும் சொன்னதாகிவிடும். ஆனால் கடமை வேறு, பழி வேறு. திறக்க வேண்டியது அவன் கடமை. பூட்டியவன்மேல்தான் பழி. அதிகாரம் இருக்கும் அளவுக்குத்தான் பொறுப்பைக் கேட்க முடியும். ஒருவனுக்கு அதிகாரத்தைக் கொடுக்காமல் பொறுப்பை மட்டும் கொடுத்தால், அவனைக் காவலுக்கு வைக்கவில்லை, பலிக்கு வைத்திருக்கிறோம்.

"ஆளாளுக்கு நிறுத்தச் சொன்னா கம்பெனி நடக்குமா?" என்பார்கள். ரயிலில் ஒவ்வொரு பெட்டியிலும் சங்கிலி தொங்குகிறது. தப்பாக இழுப்பவர்களும் உண்டு, அதற்கு அபராதமும் உண்டு. அதற்காகச் சங்கிலியை யாரும் கழற்றிவிடவில்லை. பயணியின் கையில் அது இருக்கலாம், காவக்காரன் கையில் மட்டும் கூடாதா?

நம் சங்கங்கள் போனஸ் பேசுகின்றன, நிரந்தரம் பேசுகின்றன. கேட்டில் நிற்பவனை முதலாளியின் ஆள் என்று ஒதுக்கிவிடுகின்றன. இது மாற வேண்டும். அவனுக்கு எட்டு மணி நேர வேலை வேண்டும். 1946இல் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த அம்பேத்கர் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். செக்யூரிட்டிக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை. வெல்டிங்குக்கு எழுதும் அனுமதிச் சீட்டில் 'காவலர் நிறுத்தச் சொன்னால் நிறுத்தப்படும்' என்று ஒரு வரி வேண்டும். நிறுத்தியதற்காக அவன் கூலியையோ வேலையையோ தொடக் கூடாது. வெளியேறும் கதவுக்குப் பூட்டே கூடாது. இந்த நாலையும் வாங்கிக் கொடுத்த பிறகு தீப்பிடித்தால், 'வாட்ச்மேன் எங்கய்யா போனான்' என்று தாராளமாகக் கேட்கலாம். அதுவரை அந்தக் கேள்வி பூட்டுப் போட்டவனிடம் போகட்டும்.