கெடு முடிந்த பண்டம்

ஒரு கடைக்காரர் கெடு தேதி முடிந்த மிக்சர் பாக்கெட் ஒன்றைப் பிரித்துத் தாமே தின்கிறார். அதே தேதியுள்ள இன்னொரு பாக்கெட்டை ஒரு சிறுவனுக்கு விற்கிறார். பண்டம் ஒன்றுதான். செய்கையும் ஒன்றுதானா? அன்பான வாசகர்களே, சற்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் தேதியின் அர்த்தத்தை அறிந்துகொள்ள வேண்டும். ‘இத்தேதிக்குள் சாப்பிட்டால் சிறந்தது’ என்பது ருசியையும் தரத்தையும் பற்றியது. அது கடந்தபின்னும் பண்டம் கெடாமல் இருக்கலாம். காலாவதித் தேதி அப்படியல்ல. அது கடந்ததை விற்கவே கூடாது. நம் நாட்டில் 2020-ம் வருஷத்து லேபிள் விதிகளின்படி பாக்கெட் தின்பண்டங்களில் காலாவதித் தேதி கட்டாயம் இருக்கவேண்டும். மற்றதை விரும்பினால் கூடுதலாகப் போடலாம். காலாவதியானதை விற்றால் விற்றவரே பொறுப்பாளி என்கிறது 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவு.

எண்ணெயில் பொரித்த பண்டம் நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும். ஈரம் பட்டால் நமத்துப்போகும். சிப்ஸ் பாக்கெட்டில் நைட்ரஜன் வாயுவை அடைப்பது இதைத் தாமதப்படுத்துமேயன்றி, அடியோடு தடுக்காது.

இனி நியாயத்துக்கு வருவோம். தாமே தின்கிற கடைக்காரர் விஷயம் தெரிந்து தின்கிறார். அது விவேகமில்லாத காரியமாக இருக்கலாம். ஆனால் அவர் யாரையும் ஏமாற்றவில்லை. சிறுவனோ, நல்ல பண்டம் என்று நம்பிக் காசு கொடுக்கிறான். அந்த நம்பிக்கைக்கு விரோதமாகச் செய்வதுதான் குற்றம்.

“அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை” என்பார் சிலர். பொடி எழுத்தைப் படிக்க இயலாத பாட்டியும், தேதி பார்க்கத் தெரியாத பிள்ளையும் எப்படிக் கேட்பார்கள்? கேட்க முடியாதவரிடம் மௌனமாயிருப்பதும் பொய்க்குச் சமானமே.

“விஷயத்தைச் சொல்லிப் பாதி விலைக்குக் கொடுத்தால்?” ருசிக்கான தேதி மட்டும் கடந்திருந்தால் அது நேர்மையான வியாபாரம். காலாவதியே ஆகியிருந்தால், சொல்லிக் கொடுத்தாலும் கூடாது.

“ஏழைக் கடைக்காரன் நஷ்டத்தை எப்படித் தாங்குவான்?” இது அலட்சியம் செய்யத்தக்க கேள்வியல்ல. பெட்டிக்கடையில் சில பாக்கெட்டுகள் வீணானால் அன்றைய லாபமே போய்விடும். ஆயினும் எனக்கு வந்த நஷ்டத்தை மற்றொருவன் தலையில் இரகசியமாகக் கட்ட எனக்கு உரிமையில்லை. கொஞ்சமாகக் கொள்முதல் செய்வது, பழைய சரக்கை முன்னால் அடுக்குவது, கெடுவுக்கு முன்பே சரக்குப் போடுகிறவரிடம் மாற்றித் தரும்படி கேட்பது, இவையே நேரான வழிகள். தெரிந்தே விற்றுவிட்டவர் வருத்தப்பட்டால் மட்டும் போதாது. வாங்கியவரைத் தேடிக் காசைத் திருப்பிக் கொடுப்பதே நீதி.

கடை வைத்திராதவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கெடு முடிந்த பிஸ்கோத்தை “எறிவானேன்?” என்று வீட்டு வேலை செய்யும் அம்மாளின் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புகிறீர்களா? உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குவதை அவர்கள் பிள்ளைக்குக் கொடுப்பது தர்மமாகாது. கடையில் பழைய பாக்கெட்டைக் கண்டால் கூச்சல் போடாமல் கடைக்காரரைத் தனியே அழைத்துக் காட்டுங்கள்.

இன்று வீட்டு அலமாரியைத் திறந்து தேதிகளைப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.