தலைமுடியும் தராசும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



தொழுகை, நோன்பு, ஜக்காத்து, ஹஜ்ஜு ஆகியவை மட்டுமே தீனுடைய காரியங்கள் என்றும், தலை வாருவதும் தாடி திருத்துவதும் துனியாவின் காரியங்கள் என்றும் பிரித்து வைத்திருப்போர் நம்மில் பலர். ஆனால், வாணிபம் செய்யும் நம்மைத் தேடி வரும் வாடிக்கைக்காரர் முதலில் காண்பது நம் சரக்கை அன்று; பெட்டியடியில் அமர்ந்திருக்கும் நம் முகத்தையும் தலையையுமே காண்கிறார். அந்தத் தலையைக் கொண்டே நம் கடையையும், சில வேளை நம் மார்க்கத்தையும் அவர் எடை போட்டுவிடுகிறார். ஆகவே, இந்தச் சிறு விஷயத்தில் நம் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதைச் சற்றே சிந்திப்போம்.

திருமறையின் 7-ஆம் அத்தியாயம் 31-ஆம் வசனத்தில், தொழும் இடந்தோறும் அழகுபட நிற்குமாறு ஆதமுடைய மக்களை அல்லாஹுத்தஆலா ஏவுகிறான். அதே வசனத்தில், வரம்பு மீறுவோரைத் தான் நேசிப்பதில்லை என்றும் அறிவிக்கிறான். அழகுக்கு அனுமதியும் அளவுக்கு ஆணையும் ஒரே வசனத்தில் சேர்ந்து வந்திருப்பது கவனிக்கத்தக்கது.

கண்ணியமும் அளவும்

முடியுள்ளவர் அதைக் கண்ணியப்படுத்தட்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மற்றொரு நிகழ்ச்சியை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம் முவத்தாவில் தருகிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இருக்கையில், தலையும் தாடியும் பரட்டையாக ஒருவர் உள்ளே நுழைந்தார். வெளியே போய்ச் சீர்படுத்தி வருமாறு அண்ணலார் அவருக்குக் கையால் சைகை காட்டினார்கள். அவர் அவ்வாறே செய்துகொண்டு திரும்பினார். ஷைத்தானைப் போலத் தலைவிரி கோலமாக வருவதைவிட இது மேலல்லவா என்று அண்ணலார் கேட்டார்கள்.

சகோதரர்களே! அந்த மனிதரைச் சபையில் வைத்து அவமானப்படுத்தாமல், வெறும் சைகையால் திருத்திய பண்பைப் பாருங்கள். கடைச் சிப்பந்தி அழுக்குத் தலையுடன் நின்றால், வாடிக்கைக்காரர் முன்னிலையில் சீறி விழும் முதலாளிகளுக்கு இதில் பாடம் உண்டு.

பேணுவது கடமை என்பதால், நாள் முழுவதும் கண்ணாடியின் முன் நிற்கலாமா? கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாளே தவிர அடிக்கடி தலை வாருவதை நபிகளார் (ஸல்) தடுத்ததாக அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அறிவிக்கிறார்கள். அதே சமயம், அடர்ந்த முடியுடைய அபூகதாதா (ரலி) அவர்கள், அதைக் கண்ணியப்படுத்துமாறு பெருமானார் சொன்னதற்காகவே, சில வேளை நாளொன்றுக்கு இருமுறையும் எண்ணெய் தேய்த்துக்கொள்வார்களாம். ஆகவே, அவரவர் முடிக்குத் தேவையானது கண்ணியம்; தேவைக்கு மேற்பட்டது வீண்பெருமை. இந்த எல்லையை நெஞ்சில் நிறுத்திக்கொண்டால் போதும்.

பேணும் முறை

தலை வாரும்போது வலப்புறத்திலிருந்து தொடங்குவதையே நாயகம் (ஸல்) விரும்பினார்கள். மீசை கத்தரித்தல், நகம் வெட்டுதல், அக்குள் ரோமத்தையும் மறைவிட ரோமத்தையும் களைதல் ஆகியவற்றை 40 நாட்களுக்கு மேல் தள்ளிப் போடாதிருக்கும்படி எல்லை வகுக்கப்பட்டதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது முஸ்லிமில் உள்ளது. வேலை மும்முரத்தில் இந்த எல்லையை மறப்பவர்கள், கடைக் கணக்கு முடிப்பதைப் போல் இதற்கும் ஒரு நாளைக் குறித்துக்கொள்வது நலம்.

சிறு பிள்ளைகளின் தலையில் ஒரு பகுதியை மழித்து, மறு பகுதியை வளர விடுவதை அண்ணலார் தடுத்தார்கள். மழித்தால் முழுதும் மழியுங்கள், விட்டால் முழுதும் விடுங்கள் என்பதே அவர்கள் கருத்து. இன்று முடிதிருத்தும் கடைகளில் பிள்ளைகள் கேட்கும் வெட்டுகளில் இந்த வகையும் உண்டு. கூட்டிச் செல்லும் தகப்பன்மார் நாற்காலியில் பிள்ளையை உட்கார வைக்கும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். சவரத்துக்குப் புதிய பிளேடுதானா என்றும் கேளுங்கள். ஒருவருக்குப் பயன்பட்ட பிளேடு மற்றவர் மேல் பட்டால், இரத்தத்தின் வழியே ஹெப்படைட்டிஸ் பி என்னும் ஈரல் நோய் தொற்றக்கூடும். பிறர் சீப்பாலும் துண்டாலும் பேனும் படர்தாமரையும் பரவும்.

இங்குள்ள நாடுகள் ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் நிறைந்தவை. தொப்பிக்குள்ளும் சொங்கோக்குக்குள்ளும் வியர்வை தேங்கிப் பொடுகையும் நமைச்சலையும் உண்டாக்குகிறது. தலையைக் கழுவுவது போலவே தொப்பியையும் துவைக்க வேண்டும். சகோதரிகள் குளித்த ஈரத்தோடு கூந்தலை முடிந்து, அதன்மேல் முக்காடு இட்டுக்கொள்வதைத் தவிர்க்க வேண்டும். முடி உலர்ந்த பிறகே மூடுங்கள். கொண்டையை நாள்தோறும் இறுக்கிக் கட்டினால், நெற்றியோரத்து முடி வேரோடு இழுபட்டு உதிர்ந்து, நாளடைவில் அங்கே முளைக்காமலே போய்விடும். தளர்த்திக் கட்டுவதே நலம்.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கை. பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும், டெங்கு போன்ற கடுங்காய்ச்சலுக்குப் பின்னும், இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதுண்டு. பெரும்பாலும் அது தானே மீண்டும் வளரும். இதற்கு அஞ்சி, கண்ட கண்ட எண்ணெயில் காசைக் கொட்ட வேண்டியதில்லை. உதிர்வு நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பின்னல் போட்ட பெண்கள் கடமையான குளிப்பின்போது அதை அவிழ்க்க வேண்டுமா என்று உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கேட்டதற்கு, அவிழ்க்க வேண்டியதில்லை, மூன்று கை நீர் ஊற்றினால் போதும் என்று நபிகளார் விடையளித்தார்கள். நீர் முடியின் உட்புறம் சேராத அளவுக்குப் பின்னல் இறுகியிருந்தால் அவிழ்க்க வேண்டுமென்பது ஷாபிஈ மத்ஹபின் விளக்கம். சாதாரண எண்ணெய்ப் பசை நீரைத் தடுக்காது. கெட்டியாகப் பூசிய மெழுகும் பிசினும் தடுக்கும். அவற்றை அகற்றிவிட்டே குளிக்க வேண்டும்.

இல்லத்தாரின் உரிமை

வெளியே செல்கையில் அத்தர் மணக்க, தலை படிய வாரி, பளிச்சென்று கிளம்புகிறோம். இரவு வீடு திரும்பியதும் கசங்கிய கைலியும் கலைந்த தலையுமாக மனைவி முன் அமர்கிறோம். அவள் மட்டும் நமக்காக அலங்கரித்துக்கொள்ள வேண்டுமென எதிர்பார்க்கிறோம். இது நியாயமா? மனைவி தமக்காக அலங்கரித்துக்கொள்வதைத் தாம் விரும்புவது போலவே, மனைவிக்காகத் தாம் அலங்கரித்துக்கொள்வதையும் விரும்புவதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்னார்கள். பெண்களுக்குக் கடமைகள் இருப்பது போலவே உரிமைகளும் உண்டு என்னும் திருமறை வசனத்தையே (2:228) அதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள்.

எம்பெருமானார் (ஸல்) இஃதிகாஃப் இருக்கையில், பள்ளிவாசலிலிருந்து தம் தலையை அறையின் பக்கம் நீட்டுவார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாரிவிடுவார்கள். அது அன்னையவர்களின் மாதவிலக்கு நாட்களாக இருந்தாலும் சரியே. வணக்கத்தில் ஒதுங்கியிருந்த நாளிலும் சீப்பு மறக்கப்படவில்லை. அந்த நாட்களில் பெண்ணைத் தீண்டத்தகாதவளாக ஒதுக்கி வைக்கவுமில்லை. இல்லறத்தின் இனிமைக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

பொய்யென்று பெயர் பெற்ற முடி

இனி, வணிகர்களாகிய நாம் உற்றுக் கேட்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம். முஆவியா (ரலி) அவர்கள் கடைசி முறையாக மதீனாவுக்கு வந்தபோது, மிம்பரில் நின்று, ஒட்டுமுடிக் கற்றை ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினார்கள். நாயகம் (ஸல்) இதற்கு 'ஸூர்' என்று பெயரிட்டதாக அறிவித்தார்கள். ஸூர் என்றால் பொய்.

இந்தச் சொல்லை நாம் வேறோர் இடத்திலும் கேட்டிருக்கிறோம். பெரும் பாவங்களை எண்ணிச் சொல்லி வந்த பெருமானார், சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, பொய்ச் சாட்சியத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். இனி நிறுத்தமாட்டார்களா என்று தோழர்கள் ஏங்கும் வரை சொன்னார்கள். அங்கே பொய்ச் சாட்சிக்கு வழங்கிய சொல்லும் இதே 'ஸூர்'தான். நீதிபதி முன் நாவு சொல்லும் பொய்க்கும், மக்கள் முன் தலை சொல்லும் பொய்க்கும் ஒரே பெயர்!

நோயினால் முடி கொட்டிப்போன புதுமணப்பெண்ணுக்கு ஒட்டுமுடி வைக்கலாமா என்று அவளுடைய தாய் வந்து கேட்டபோதும், ஒட்டுபவளையும் ஒட்டிக்கொள்பவளையும் அல்லாஹ் சபித்திருப்பதாகவே விடை கிடைத்தது. ஆகவே சவுரி முடியும் டோப்பாவும் வேண்டாம். முடியைப் போலத் தோன்றாத வண்ண நூல், ரிப்பன் ஆகியவை இத்தடையில் சேரா என்று உலமாக்கள் விளக்கியுள்ளனர். சிகிச்சை செய்து சொந்த முடியை வளர்ப்பதும் குற்றமன்று.

நரைக்கு வருவோம். ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு (கி.பி. 630) மக்கா வெற்றியின்போது, அபூபக்கர் (ரலி) அவர்களின் முதிய தந்தை அபூகுஹாஃபா அவர்கள் அழைத்து வரப்பட்டார்கள். அவர்களுடைய தலையும் தாடியும் வெள்ளைவெளேரென்று இருந்தன. நிறத்தை மாற்றுங்கள், கறுப்பை மட்டும் தவிருங்கள் என்பது அண்ணலாரின் அறிவுரை. மருதோன்றியே சிறந்த சாயங்களில் ஒன்று. கறுப்புச் சாயம் ஹராம் என்பதையே இமாம் நவவி (ரஹ்) அவர்கள் சரியான கருத்தாகக் கூறுகிறார்கள். ஹனபி மத்ஹபில் சிலர் இதில் தளர்வு காட்டியுள்ளனர். ஆயினும் பெண் பார்க்கப் போகும்போது தாடியைக் கறுப்பாக்கி, வயதில் பத்தைக் குறைத்துக் காட்டுவதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

கடைகளில் 'கறுப்பு மருதாணி' என்று விற்கப்படும் சரக்கைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. அசல் மருதோன்றி செம்மை தருமேயன்றிக் கறுப்புத் தராது. கறுப்பாக்க வேண்டி அதில் பாரா-பினைலின்டையமின் என்னும் இரசாயனத்தைக் கலப்பதுண்டு. சிலருக்கு இது தோலைக் கொப்புளிக்கச் செய்து, ஆறாத தழும்பையும் விட்டுச் செல்கிறது.

வாங்குபவருக்கு இது எச்சரிக்கை. விற்பவருக்கோ கணக்குக் கேட்கப்படும் விஷயம். வழுக்கையில் முப்பது நாளில் முடி முளைக்கும் என்று சொல்லி எண்ணெய் விற்கிறோமா? முடி மாதமொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் என்பதை அறிந்துகொண்டே, இடுப்பளவு கூந்தல் படம் போட்ட சீசாவை நீட்டுகிறோமா? மதீனாக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கை விட்ட பெருமானாரின் விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் கடைக்காரர். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று அறிவித்தார்கள். நனைந்ததை விற்கக்கூடாதென்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மறைத்து விற்கக்கூடாது என்பதே கருத்து. நரைத்த தலையும் அப்படியே. நனைந்த தானியமும் அப்படியே.

மூவரின் கதை

புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஒரு வரலாற்றோடு முடிக்கிறேன். பனூ இஸ்ராயீலரில் மூவர் இருந்தனர்: ஒருவர் வெண்குட்ட நோயாளி, ஒருவர் வழுக்கையர், ஒருவர் குருடர். அல்லாஹ் அவர்களைச் சோதிக்க ஒரு மலக்கை அனுப்பினான். உனக்கு மிக விருப்பமானது எது என்று மலக்கு கேட்க, அழகிய முடி வேண்டும், மக்கள் என்னை வெறுக்கும் இக்குறை நீங்க வேண்டும் என்றார் வழுக்கையர். மலக்கு தடவிவிட, அழகிய முடி வந்தது. சினைப்பசு ஒன்றும் கிடைத்தது. அது பெருகிப் பள்ளத்தாக்கு நிறைந்தது. பின்னர் அதே மலக்கு ஏழை வழிப்போக்கராக வந்து உதவி கேட்டார். கொடுக்க வேண்டிய கடன்கள் ஏராளம் என்றார் அவர். நீர் வழுக்கையராகவும் வறியவராகவும் இருந்து, அல்லாஹ் உமக்கு வழங்கவில்லையா என்று மலக்கு கேட்டார். இல்லை, இது பாட்டன் பூட்டன் சொத்து என்று அவர் பொய் சொன்னார். நீர் பொய்யரானால் அல்லாஹ் உம்மைப் பழைய நிலைக்கே ஆக்கட்டும் என்று சொல்லி மலக்கு நீங்கினார். வெண்குட்ட நோயாளியும் அவ்வாறே நன்றி கொன்றார். குருடர் மட்டுமே, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் செல்வம் நிலைத்தது.

அழகிய முடியைக் கேட்டதற்காக அந்த மனிதர் குற்றம் சாட்டப்படவில்லை. பெற்றுக்கொண்டதற்காகவும் அல்ல. வந்த வழியை மறைத்துச் சொன்ன பொய்யே அவரைக் கெடுத்தது. கப்பலேறி வெறுங்கையோடு இக்கரை வந்து கடை வைத்தவர்களின் மக்கள் நாம். உதவி கேட்டு ஓர் ஏழை நம் கடைப்படியில் நிற்கும்போது, நாம் அவருக்குச் சொல்லப்போகும் பதில் எது?

வல்ல நாயன், நம் தோற்றத்தை அழகாக்கியது போல் நம் குணத்தையும் அழகாக்குவானாக! நம் தலையிலும் தராசிலும் பொய் கலவாமல் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.