சிறு கையும் பெரிய கையும்

குழந்தையின் கையைப் பிடித்து எழுதப் பழக்குவது பெற்றோரின் கடமை. அதே கையைப் பிடித்து ஓவியமும் வரைவிக்கலாமா? அது கல்வியா, களவா? நம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்று இவ்வினாவை எழுப்பிற்று.

சென்ற தைத் திங்களில், சிங்கப்பூரில் வாழும் நம் தமக்கையாரின் பேரனும் பத்து வயதுடைய நம் மகளும் சேர்ந்து, கைப்பேசி வழியாக ஒரு பொங்கல் படம் வரையத் தொடங்கினர். இடப்பாதி இவளுக்கு, வலப்பாதி அவனுக்கு. இவள் வரைந்ததோ தெருவோரச் செங்கல் அடுப்புகள், கண்ணுக்கெட்டிய தொலைவு வரை பானைகள், பெண்கள், புகை. ஆற்றுகால் பொங்காலையன்று திருவனந்தபுரத் தெருக்களில் அவள் காணும் காட்சி அது. "இது நம் பொங்கல் அன்று, முற்றமும் கோலமும் கரும்பும் கதிரவனும் வரை" என்றோம். அவள் தயங்கவே, அழித்துவிட்டு நாமே வரைந்து கொடுத்தோம்.

இரு நாள் கழித்து அவன் பாதி வந்தது. பலமாடிக் கட்டடத்தில் ஒரு சமையலறை. எரிவாயு அடுப்பில் பானை. சன்னலுக்கு வெளியே மழை. இரு பாதிகளையும் இணைத்து நோக்கினோம். வலப்பாதியில் ஒரு சிறுவன் இருந்தான். இடப்பாதியில் நம் மகள் இல்லை. சுவர் நாள்காட்டிதான் இருந்தது. "அப்பா, இது நீங்க வரைஞ்சதுன்னு அவனுக்கு எழுதிடுங்க" என்றாள் அவள்.

நாணினோம். இரண்டாம் மாடிக் குடியிருப்பில் நமக்கு முற்றமேது? நாமும் எரிவாயு அடுப்பில்தானே பொங்கலிட்டோம்? திறந்த வெளியில் பானை பொங்குவதை அவள் கண்டது ஆற்றுகாலில் மட்டுமே.

மாற்றல் ஆணை கொணர்ந்த ஊரில் வேர்விட்டவர் நாம். மரபு நம் மக்களிடம் தேய்ந்துவிடுமோ என்னும் அச்சம் நமக்குண்டு, அது இழிவன்று. மரபைக் கதையாகச் சொல்லலாம், கோலமிடக் கற்பிக்கலாம். ஆயின் குழந்தையின் படத்தில் நம் ஏக்கத்தை வரைந்து, அதன் பெயரை அடியில் எழுதுவது அறமாகாது.

காயங்குளத்தில் பிறந்து, இவ்வூரில் பயின்ற கேலிச்சித்திர மேதை சங்கர், 1949-இல் தில்லியில் குழந்தைகளுக்கான ஓவியப் போட்டியைத் தொடங்கினார். மறு ஆண்டே அதனைப் பிறநாட்டுச் சிறார்க்கும் திறந்துவிட்டார். கொச்சியில் 1976-இல் பிறந்த கிளின்ட், 1983-இல் ஏழு வயது நிறையுமுன் மறைந்தான்; அதற்குள் இருபத்தைந்தாயிரம் படங்களுக்குமேல் வரைந்திருந்தான். தெய்யமும் திருவிழாவும் அவற்றில் உண்டு. அவன் பெயரால் கேரளச் சுற்றுலாத் துறை 2018-இல் இணையவழிப் போட்டி நடத்தியபோது, பல நாட்டுச் சிறார் கேரளத்தை வரைந்தனுப்பினர்.

காணாத நாட்டைக் குழந்தை வரைவது பொய்யன்றோ எனலாம். அன்று. கண்டதாயினும் கற்பனையாயினும் அது அதன் உள்ளத்தில் ஊறியதாயின் மெய்யே. நாம் புகுத்தியதாயின், அழகாயிருப்பினும் பொய்யே. நாடு கடந்து நட்புப் பூணும் இரு சிறுவர்க்கிடையே அப்பொய் ஒரு திரையாகிவிடுகிறது. அங்குள்ளவன் காண விரும்புவது நம்மையன்று, அவளை.

உண்மையை அவனுக்கு எழுதிவிட்டோம். புதிய தாளும் வாங்கிக் கொடுத்தோம். "அப்புறம் வரையறேன்" என்கிறாள்; தாள் இன்னும் வெண்மையாகவே இருக்கிறது. அழிப்பது எளிது, அழித்ததை மீண்டும் எழுப்புவது அவள் கையில் உள்ளது.

நம் சங்கத்து ஆண்டு விழாவிலும் ஓவியப் போட்டி நடைபெறும். வண்ணங்களை வாங்கிக் கொடுப்போம். பெற்றோர் நாம் வாயிலுக்கு வெளியே நிற்போம்.