தேர் நின்ற வாசல்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவம் ஸேவிக்க எழுந்தருளியிருக்கும் பக்தகோடிகளே! திருத்தேர் வடத்தைத் தொட்டு இழுக்கும் பாக்கியம் பெற்ற தேவரீர்களுக்கு, முன்னொரு காலத்தில் ஒரு தேர் நகராமல் நின்ற கதையை விண்ணப்பிக்க அடியேனுக்கு ஆசை. நடுவீதியில் தேர் நின்றுவிட்டால் நாம் முட்டுக்கட்டையைப் பார்ப்போம், சக்கரத்தைப் பார்ப்போம். திருவரங்கத்தில் அன்று நின்ற தேருக்குக் காரணம் சக்கரத்தில் இருக்கவில்லை.

ஆளவந்தாருடைய சிஷ்யர்களில் மாறனேரி நம்பி என்று ஒரு மஹான் இருந்தார். உலகம் தாழ்ந்தது என்று தள்ளிவைத்த குலத்தில் அவதரித்தவர். ஆசார்யனுக்கு வந்த கொடிய பிளவை நோயைப் பிரசாதமாக வேண்டித் தம் திருமேனியில் ஏற்றுக்கொண்டவர். அவர் பரமபதித்தபோது, அந்தணரும் உடையவருக்கு ஆசார்யருமான பெரிய நம்பிகள் தம் கையாலேயே அவருக்கு அந்திமக் கிரியைகளைச் செய்துவிட்டார். ஊர் கொதித்தது. நம்பிகளை விலக்கி வைத்தது. அவர் திருமாளிகை வாசலில் முள்வேலி போட்டது.

உடையவரும் வந்து, தாம் ஒருபுறம் உலக மரியாதையைக் கட்டிக் காக்க முயல, தேவரீர் அதைக் குலைக்கலாமோ என்று கேட்டார். நம்பிகள் தந்த மறுமொழியை நம் பூர்வாசார்யர்கள் போற்றி வைத்திருக்கிறார்கள். ஜடாயு என்ற பறவைக்குச் சக்கரவர்த்தித் திருமகன் ஈமக்கடன் செய்தானே. அப்பெருமானைவிடத் தாம் உயர்ந்தவரா, அப்பறவையைவிட மாறனேரி நம்பி தாழ்ந்தவரா என்று கேட்டார். விதுரருக்கு இறுதிக் கடன் செய்த தருமபுத்திரரையும் எடுத்துக் காட்டினார். அடியார்க்கு அடிமைப்படுவதைப் பேசும் திருவாய்மொழியின் மூன்றாம் பத்து ஏழாம் பதிகமும், எட்டாம் பத்து பத்தாம் பதிகமும் வெறும் கடலோசையோ என்றும் கேட்டார்.

அன்பர்களே, இந்த ஒரு சொல்லைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். கடல் ஓயாமல் ஒலிக்கிறது. கேட்பதற்கும் இனிமையாக இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு எவரும் தம் நடத்தையை மாற்றிக்கொள்வதில்லை. நூலையும் அப்படி ஓசையாக மட்டும் வைத்துக்கொண்டால், ஊரில் வலியவன் வைத்ததே சட்டம். நூலுக்குப் பொருள் உண்டு என்று ஒருவர் எழுந்து நின்றால், முள்வேலி போட்டவர்களே பதில் சொல்லியாக வேண்டும். உயர்வு தாழ்வு என்பது என்ன, அதை வகுத்தவர் யார் என்று கேட்பது இலக்கியத்தின் தொழில். கேட்ட கேள்விக்கு வாழ்ந்து காட்டுவது நம்முடைய தொழில்.

நம்பிகள் சொன்ன நியாயத்தைக் கேட்டும் ஊர் வேலியைப் பிரிக்கவில்லை. பிறகு நடந்ததைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். உத்ஸவத்தில் நம்பெருமாள் எழுந்தருளிய திருத்தேர் அந்த வீதிக்கு வந்தது. நம்பிகளின் திருக்குமாரத்தி அத்துழாய் வாசலுக்கு வந்து, தன் தகப்பனாருக்கு நியாயம் வழங்காமல் அப்பால் போகலாகாது என்று பெருமாள்மேல் ஆணையிட்டாள். தேர் நின்றது. எத்தனை பேர் இழுத்தும் நகரவில்லை. முடிவில் ஊரார் தம் பிழையை உணர்ந்து வேலியைப் பிரித்தெறிந்த பின்னரே தேர் புறப்பட்டது.

சபையில் பேச அந்தப் பெண்ணுக்கு இடமில்லை. அதிகாரம் எல்லாம் ஆடவர் கையில். அவளுக்கு மிஞ்சியிருந்தது ஒரு வாசற்படியும் ஒரு கேள்வியும்தான். எம்பெருமான் அந்தக் கேள்வியின் பக்கம் நின்றான்.

இதே அத்துழாயைப் பற்றி இன்னொரு வரலாறும் உண்டு. புக்ககம் போன புதிதில், நீராடப் போகத் துணை வேண்டுமென்று மாமியாரிடம் கேட்டாள். உன் பிறந்தகத்துச் சீதன வெள்ளாட்டியை அழைத்துக்கொள் என்று மாமியார் கடிந்துகொண்டாள். சீதனமாகப் பணிப்பெண் வராத குறை அந்தச் சொல்லில் இருந்தது. அத்துழாய் தகப்பனாரிடம் சொன்னாள். அவர் உடையவரிடம் சொல்லும்படி அனுப்பினார். உடையவர் தம் சகோதரியின் குமாரரும் மஹாவித்வானுமான முதலியாண்டானையே சீதன வெள்ளாட்டியாக அனுப்பிவைத்தார். ஆண்டானும் அந்த வீட்டில் சமையல் முதலான பணிகளைச் செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் அங்கே நூற்பொருளைத் தவறாகச் சொன்னவர்களை அவர் திருத்தப்போக, இவர் யாரென்று வெளிப்பட்டது. அந்த வீட்டார் வெட்கித் தலைகுனிந்தார்கள்.

கதையைக் கேட்டு ஆண்டானின் பணிவை வியக்கிறோம். வியக்க வேண்டியதுதான். ஆனால் அந்நாளில் வெவ்வேறு வீடுகளில் உண்மையாகவே வெள்ளாட்டிகளாக உழைத்த பெண்களின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? அடுப்படியில் நின்றவர் பண்டிதர் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டார்கள். அவர் பண்டிதராக இல்லாமல் ஓர் ஏழைப் பெண்ணாகவே இருந்திருந்தால்? ஏட்டில் எழுதாமல் விட்ட இந்தக் கேள்வியையும் நாம் சேர்த்தே படிக்க வேண்டும்.

அடியேனுடைய பிழை ஒன்றையும் இங்கே மறைக்கலாகாது. இளவயதில் கைங்கர்யத்துக்கு வந்த புதிதில், ஒரு திருநாளன்று தீர்த்தம் ஸாதித்துக்கொண்டிருந்தேன். வீதி பெருக்கும் மூதாட்டி ஒருத்தி வரிசையின் கடைசியில் வந்து கையேந்தினாள். மற்றவர்களுக்கெல்லாம் கையருகே தாழ்த்திய வட்டிலை அவளுக்கு மட்டும் உயரத் தூக்கிவிட்டேன். பாதித் தீர்த்தம் தரையில் சிந்தியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, சிந்தியதைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு போனாள். அன்று காலையில் திருவாய்மொழி ஸேவித்த வாய்தான் அடியேனுடையது. கடலோசை வேறெங்கும் இல்லை, அடியேன் நாவிலேயே இருந்தது என்று பிற்பாடு புரிந்தது. க்ஷமிக்கும்படி கேட்பதற்கு அவளை மறுபடி காணும் பேறு கிட்டவில்லை.

அர்ச்சாமூர்த்தி எந்த உலோகத்தால் ஆனது என்று ஆராய்வதும், அடியாருடைய பிறப்பை ஆராய்வதும் ஒரே தரத்துக் குற்றம் என்று பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் விதித்திருக்கிறார். அந்த நூல் தோன்றிப் பல நூற்றாண்டுகள் சென்ற பிறகே, 1939ஆம் ஆண்டில் மதுரைக் கோயில் வாசல் விலக்கப்பட்டிருந்தவர்களுக்குத் திறந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1950இல் அமலுக்கு வந்த அரசியல் சாஸனம் தீண்டாமையை ஒழித்தது. 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. நம் ஏடுகளில் இருந்ததை நாம் செய்திருந்தால் சட்டம் வந்து சொல்ல வேண்டியிருக்குமோ? சட்டம் கோயில் வாசலைத் திறந்தது. வீட்டு வாசலையும் மனத்தின் வாசலையும் நாம்தான் திறக்க வேண்டும்.

ஆகையால் பக்தர்களே, தேர் நிலைக்கு வந்தபின் ஊர் திரும்பும்போது இரண்டு காரியங்களைத் திருவுள்ளம் பற்ற வேண்டுகிறேன். வடத்தில் நமக்கு அடுத்திருந்த கை யாருடையது என்று கேளாமல் இன்று இழுத்தோம். நாளை நம் தெருவிலும் அப்படியே இருப்போம். நம் வீட்டுக்கு வந்த மருமகள் என்ன கொண்டுவந்தாள் என்று கேளாமல், அவளுக்கு என்ன துணை வேண்டும் என்று கேட்போம். எம்பெருமான் திருவீதி எழுந்தருளும்போது நம் வாசலில் முள்வேலி இல்லாதிருக்க வேண்டும்.

அனைவருக்கும் ஸர்வ மங்களங்களும் உண்டாகுக.

அடியேன், ராமாநுஜ தாஸன்.